எட்டுக்கு ஆறு

முதலில் வந்தது குழந்தைவேலு. எந்த விசேஷமானாலும் என் மச்சான்தான் முதல் ஆளாக வந்து நாற்காலி பிடிப்பார், அதனால் ஃபிளக்ஸ் சுருளைக் காலால் தள்ளிவிட்டதும் இடது ஓரத்திலிருந்து அவர் வெளிப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, நெற்றி நிறையத் திருநீறு, கீழே கூட்டுறவுச் சங்க முன்னாள் இயக்குநர் என்று ஒரு வரி. சங்கத் தேர்தலுக்கு அடித்தது மிச்சமாகியிருக்கும், தங்கச்சி வீட்டு அட்டாலிப் பரணில் கொண்டுவந்து சொருகிவிட்டுப் போயிருப்பார், அவர் வீட்டில் இடமில்லாத சாமானுக்கெல்லாம் என் வீடுதானே கிடங்கு என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தள்ளுத் தள்ளினேன். மேகம் வந்தது. ஒரு புறா வந்தது. குத்துவிளக்கு வந்தது. தேர்தல் பேனரில் குத்துவிளக்கு எதற்கு என்று அப்போதே யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை, ஏனென்றால் என் புத்தி முழுக்க அகலத்தில் இருந்தது; எட்டடி வருமா, நிழலுக்குக் கட்டினால் என் ஜீப்பின் மேல் கேரியர் நீளத்துக்குச் சரியாக உட்காருமா என்பதில் இருந்தது. வாசல் சிமெண்டுத் தளத்துக்குத் தண்ணீர் ஓடக் கொஞ்சம் சரிவு வைத்துக் கட்டியது நான்தான். அந்தச் சரிவில் சுருள் தானாகவே உருள ஆரம்பித்தது. ஒரு காது வந்தது. அந்தக் காதை எனக்குத் தெரியும். மேல் மடலில் ஒரு சின்ன வெட்டு, எண்பத்தொன்பதில் டிரில்லிங் மெஷினில் ஒரு பையன் கட்டையை இறுக்காமல் துளை போட்டபோது பிசிறு தெறித்து அறுத்தது, மூன்று தையல். தினமும் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற காதைத் தரையில் பார்த்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அட, நம்ம காது மாதிரியே இருக்கிறதே என்று. பிறகு கன்னம் வந்தது, மீசை வந்தது, முகம் முழுதும் வந்தது, மூன்றடி உயரத்தில் என் முகம். தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது.

வெயில் காலைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அது தெரியவே இல்லை. திரு. அ. அவிநாசியப்பன், ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு ஆசிரியர், ஓய்வு. தோற்றம் 02.06.1963. மறைவு 15.01.2024. பிறந்த தேதி சரி. ஓய்வு சரி. இன்னொரு தடவை படித்தேன், இன்னொரு தடவை படித்தேன், விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன், மைக்ரோமீட்டரில் அளவு நம்ப முடியாமல் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. பதினைந்து, ஒன்று, இருபத்து நான்கு. பொங்கல் அன்றைக்கு. போன வருசப் பொங்கல் அன்றைக்கு நான் செத்திருக்கிறேன். இப்போது பங்குனி, பதினான்கு மாதம் ஆகிறது, காலையில் இரண்டு தோசை தின்றேன், ஒன்றரை டம்ளர் காப்பி குடித்தேன், மாத்திரை போட்டேன், கேரியரில் நான்கு யூ போல்ட் முடுக்கினேன். செத்தவன் யூ போல்ட் முடுக்குவானா. அந்தப் பதினைந்தாம் தேதி நான் எங்கே இருந்தேன் என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன், நுரையீரல் இரண்டும் சளி கட்டி, வாயில் குழாய் சொருகி, அது எல்லோரும் எனக்குச் சொன்னது. எனக்குத் தெரிந்தது வேறு. எனக்குத் தெரிந்தது அரம். நான் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ.க்கு வருகிற முதல் வருசப் பையன்களுக்கு ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து நான்கு பக்கமும் மட்டம் வரும்வரை அரம் போடச் சொல்வோம், வாரக்கணக்கில் போடுவார்கள், அது மாதிரி நானும் ஏதோ ஒரு நீலச் சுவருக்குள் நின்று போட்டுக்கொண்டே இருந்தேன், மூலைமட்டத்தை வைத்தால் ஒரு பக்கம் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, மட்டம் வரவில்லை, மறுபடி போட்டேன், மறுபடி வெளிச்சம். அதுதான் பதினைந்தாம் தேதியா. நான் அங்கே கை வலிக்க அரம் போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே இவர்கள் தேதி போட்டு முடித்துவிட்டார்களா. பதினெட்டாம் தேதி கண் திறந்து இட்டிலி கேட்டேனாம், அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலு மச்சான்கூடச் சிரித்தார். பதினைந்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

நீலத் தார்ப்பாயையே கட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை. நேற்று மாலை அதைத்தான் கட்டிப் பார்த்தேன். ஜீப்பின் மேல் கேரியருக்குப் பக்கவாட்டில் ஓர் அலுமினியப் பைப்பைப் பிடித்து, எதிர் ஓரத்துக்கு இன்னொரு பைப், அதைத் தாங்க நீட்டி மடக்குகிற இரண்டு கால், இடையில் துணி. வேண்டும்போது விரித்தால் நிழல், வேண்டாதபோது சுருட்டிக் கேரியர் மேலே கட்டிவிடலாம். கடையில் விற்பதை நானும் பார்த்தேன், தையலும் ஜிப்புமாகப் பளபளவென்று இருக்கிறது, காற்றடித்தால் கால் தாங்காது. நான் போட்டது தாங்கும். ஆனால் தார்ப்பாய்க்குக் கீழே போய் நின்றதும் என் கை நீலமாக இருந்தது. சட்டை நீலம், தரை நீலம், பக்கத்தில் வந்து நின்ற என் மனைவி துளசிமணியின் முகம் நீலம். மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் படுக்கையைச் சுற்றி இழுத்து மூடுகிற அந்த நீலத் திரைக்குள் திரும்பவும் போய்விட்டது மாதிரி இருந்தது. அவளும் உள்ளே போய்விட்டாள். சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கடம்பூர் மலைக்குப் போகிறோம், கல்யாணமாகி முப்பத்து மூன்று வருசத்தில் கோயிலும் இல்லாமல் காதுகுத்தும் இல்லாமல் சும்மா போகிற முதல் பயணம். அதற்காகத்தான் நாலு சக்கரமும் இழுக்கிற இந்தப் பழைய ஜீப்பை வாங்கினேன், அதற்காகத்தான் இந்தப் படுதா. அதில் நீலம் கூடாது. வெள்ளையாக, கெட்டியாக ஏதாவது வேண்டும் என்று காலையில் அட்டாலியில் ஏறித் துழாவினேன். பழைய புடவை சுற்றி, நூல் போட்டுக் கட்டி, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இருந்தது. பின்பக்கம் நல்ல வெள்ளை. ஓரமெல்லாம் இரண்டடிக்கு ஒரு ரிங்கு அடித்துத் தயாராக. இப்போது டேப் பிடித்துப் பார்க்கிறேன், எட்டுக்கு ஆறு, எனக்கு வேண்டிய அளவு அப்படியே, அரை இஞ்சு கூடக் கூடுதல் குறைச்சல் இல்லை. என்னை நன்றாகத்தான் அளந்திருக்கிறார்கள்.

இந்தப் படத்தை எங்கே எடுத்தார்கள். நான் இதில் சிரிக்கிறேன். ஆபீஸ் கார்டில் நான் சிரிக்கவில்லை, ரேஷன் கார்டில் சிரிக்கவில்லை, பையன் கல்யாண ஆல்பத்தில் மாலை கனத்து முகம் சுளித்திருக்கும். இதில் கழுத்துப் பட்டன் திறந்திருக்கிறது, தலைமுடி காற்றில் கலைந்திருக்கிறது, ஒரு ஆள் சந்தோசமாக இருக்கிறபோது எடுத்தது. தோள் பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள், சுத்தமாக வெட்டவில்லை, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரிகை போட்ட பச்சை. அது துளசிமணியின் தோள். இது பவானிசாகர் அணையில் எடுத்தது. ரிட்டயர் ஆன மறுவாரம், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பஸ்ஸில் போய், அங்கே மீன் வறுவல் தின்றதும் சமாதானமாகி, ஒரு போட்டோக்காரர் எடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்த படம். ஒரே ஒரு பிரிண்ட். ஃபோனில் கிடையாது, ஆல்பத்தில் கிடையாது. பீரோவில் அவளுடைய பட்டுப் புடவை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள், பீரோ சாவி அவள் தாலிக்கொடியில் இருக்கிறது. இதை எழுதியவன் யாராக இருந்தாலும், அச்சடித்தவன் யாராக இருந்தாலும், படத்தை எடுத்துக் கொடுக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது, மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் வைத்து இல்லாமல் போனது மாதிரி. நான் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் வீட்டுக்கு வந்து, பீரோவைத் திறந்து, புடவையை விரித்து, படத்தை எடுத்திருக்கிறாள். நன்றாக இருக்கிற படமாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். இல்லை, அப்படி இருக்காது. சாவியை அண்ணனிடம் கொடுத்திருப்பாள், அவர் துழாவியிருப்பார். அவருக்கு அந்தப் படம் இருப்பதே தெரியாது. இல்லை, பையன் கிருபாகரன் எடுத்திருப்பான். அவனுக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும், நான் அப்போது அரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று ஃபோனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். என்னவென்று கேட்பது, ஏன் கண்ணு என்னை முன்கூட்டியே அனுப்பிவைத்தீர்கள் என்றா. கீழே பேர் வரிசையை மறுபடி பார்த்தேன். கண்ணீருடன், மனைவி, மகன், மருமகள், பிறகு குழந்தைவேலு மச்சான், அவருக்கு மட்டும் படமும் சேர்த்து, என் முகத்துக்குப் பாதி அளவில். சாகிறவனின் பேனரிலும் முகம் காட்டுகிற ஆசை யாரை விட்டது. அந்தக் கோபம் கொஞ்சம் தெம்பு கொடுத்தது, நம்பரை அழுத்திவிட்டேன். ஓசூரில் ஆபீசில் இருந்தான். ‘அட்டாலில ஒரு ஃபிளக்ஸு கெடந்துச்சு கண்ணு,’ என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் நின்றது. ‘எந்த ஃபிளக்ஸுங்ப்பா,’ என்றான். ‘எட்டுக்கு ஆறு,’ என்றேன், எனக்கு அதைத்தான் சொல்லத் தெரிந்தது. பிறகு அவன் ஒரே மூச்சில் சொன்னான், டாக்டர் பொங்கலைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார், போகியிலிருந்து நாலு நாளைக்கு ஃபிளக்ஸ் கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள், அப்புறம் ஊரில் ஒரு பேனர்கூட இல்லாமல் எடுத்தால் நன்றாக இருக்காது என்று மாமா சொன்னார், நான்தான் ஃபோனில் ஆர்டர் கொடுத்தேன் என்று. ‘தேதி மாறுனா மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்னு கடைக்காரர் சொன்னாருங்ப்பா,’ என்றான், அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. கடை பூட்டிவிடும் என்பது நியாயமான காரணமாகத்தான் பட்டது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், வேலை தெரிந்தவன் சாமானை முதலில் வாங்கி வைப்பான். ‘அது போகுது கண்ணு. படம் யாரு குடுத்தது,’ என்று கேட்டேன். ‘அப்பா, அத அப்படியே சுருட்டி வெச்சுருங்க. அம்மாகிட்ட மட்டும் எதுவும் கேக்காதீங்க. நான் சாயங்காலம் கூப்படறேன்,’ என்று வைத்துவிட்டான்.

கேக்காதீங்க என்றால் கேட்க என்னவோ இருக்கிறது. சமையலறையில் தாளிக்கிற சத்தம், கடுகு வெடிக்கிறது, கரண்டியை அவள் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள், முப்பத்து மூன்று வருசமாகக் கேட்கிற தட்டு. இந்தப் பதினான்கு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. இது இப்போதுதான் உறைக்கிறது. முன்னாலெல்லாம் துண்டை நாற்காலியில் போட்டால் ஒரு பாட்டு, செருப்பைக் குறுக்கே விட்டால் ஒரு பாட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க. ஜீப் வாங்குகிறேன் என்றேன், சரிங்க. மலைக்குப் போகலாம் என்றேன், சரிங்க. உடம்பு முடியாத மனுசன் என்று விட்டுக்கொடுக்கிறாள் போல என்று நான் உள்ளூரக் குளிர்ந்துபோயிருந்தேன். சோறு போட்டுவிட்டு உட்காராமல் நிற்பாள், விருந்தாளி சாப்பிட்டு எழுந்திருக்கக் காத்திருப்பது மாதிரி. ஒரு நாள் பகல் தூக்கத்தில் கண் விழித்தபோது வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்னம்மா என்றதும் ஒன்றுமில்லைங்க என்று போய்விட்டாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள், பாவம், என்றுதான் நினைத்தேன். மூச்சு வருகிறதே என்று பார்த்தாளோ. சீ, என்ன புத்தி இது. ஆனால் புத்தி அங்கேதான் போய் மாட்டுகிறது, இழுத்தாலும் வர மறுக்கிறது. பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் நினைக்கட்டும், டாக்டர் நினைக்கட்டும், மச்சான் நினைக்கட்டும். இவளும் நினைத்தாளா, இவளும் என்னை விட்டுவிட்டாளா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். விட்டுவிட்டவளோடு நான் எப்படி மலைக்குப் போய், படுதா கட்டி, அதற்குக் கீழே உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பது.

சுருட்டி வைத்திருக்கலாம், பையன் சொன்ன மாதிரி. கையே போகவில்லை. துளசிமணி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், சோத்துக்கு வாரீங்களா என்று ஆரம்பித்தவள் தரையைப் பார்த்தாள். திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அதுகூட இல்லை. ‘எடுத்துட்டீங்களா,’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்தாள். படம் நீதான் குடுத்தியா என்று கேட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. ‘நாந்தானுங்க குடுத்தேன். அண்ணன் உங்க ஆபீஸ் கார்டுப் படத்தப் போடச் சொன்னாரு. அதுல கண்ணு பாதி மூடியிருக்கும். போடறதுன்னு ஆயிப்போச்சு, நல்ல படமாப் போடட்டும்னு வூட்டுக்கு வந்து எடுத்துக் குடுத்தேன்.’ பொழைக்க மாட்டேன்னு நெனச்சுட்டயா என்றேன். இல்லைங்க என்பாள், அழுவாள், அண்ணன் மேல் பழி போடுவாள், எதற்கும் நான் தயாராக இருந்தேன். ‘ஆமாங்க,’ என்றாள்.

கேரியரைப் பிடித்துக்கொண்டேன், இரும்பு சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. அவள் நிறுத்தவில்லை, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சமமான குரலில் சொல்லிக்கொண்டே போனாள். ‘கிருபா நம்பல. அண்ணன் பாதி நம்புனாரு. நான் முழுசா நம்பிட்டேன். போகி அன்னிக்கு இதக் கொண்டாந்து, வெக்க எடமில்லாம ஆஸ்பத்திரிலயே எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. தை மாசத் தரை, சில்லுன்னு இருந்துச்சு. அங்க வராண்டாவுல எல்லாருமே ஃபிளக்ஸ விரிச்சுத்தான படுத்துக் கெடந்தாங்க, ஒருத்தருது காதுகுத்து, ஒருத்தருது கட்சி மாநாடு. நானும் இத விரிச்சேன். உங்க மூஞ்சில காலு படக்கூடாதுன்னு தலைமாட்டுல வர்ற மாதிரி போட்டுக்கிட்டேன். நாலு நாள் இதும் மேலயே கெடந்து அழுதேனுங்க. உங்களுக்கு என்னென்ன அழுவோணுமோ அத்தனையும் அழுதேன். நாம் போட்ட சண்டைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன், நீங்க பண்ணுனதெல்லாம் மன்னிச்சேன். இனி தனியா எந்த ரூம்புல படுக்கறது, உங்க சட்டயெல்லாம் யாருக்குக் குடுக்கறது, அது வரைக்கும் முடிவு பண்ணிட்டேன். அழுது முடிச்சுட்டேன். பதினெட்டாந் தேதி நர்சம்மா வந்து, உங்க வூட்டுக்காரரு இட்டிலி கேக்கறாருங்கறாங்க.’ சந்தோசமா இல்லியா என்று கேட்டேன், குழந்தை மாதிரி. ‘சந்தோசந்தானுங்க. ஆனா அழுது முடிச்சவகிட்ட வந்து இட்டிலி கேட்டா அவ என்ன பண்ணுவா. நீங்க போயிட்டீங்க, இது யாரோ வந்துருக்காங்க, அப்படித்தான் இருந்துச்சு. இன்னமும் சில நாளு இருக்குது. வந்தவங்களுக்குச் சோறு போடற மாதிரி போடறேன். யாருகிட்டச் சொல்றது இத.’ கிழித்துப் போட வேண்டியதுதானே என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே. ‘கத்திரி எடுத்தேன், மூஞ்சில வெக்க முடியல. எரிச்சா உங்கள எரிச்ச மாதிரி. குப்பைல போட்டா எவனாச்சும் எடுத்து மாட்டுக் கொட்டாய்க்குக் கட்டுவான். அதான் பொடவயச் சுத்தி மேல வெச்சேன்.’

நான் பயந்தது நடந்துவிட்டது, விட்டுவிட்டாள், அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அப்படியானால் இப்போது எனக்குக் கோபம் வர வேண்டும், தேடிப் பார்த்தேன், வரவில்லை. வந்தது வேறு. என் வீட்டில் என் சாவு நடந்து, அழுகை நடந்து, மன்னிப்புகூட நடந்து, எல்லாம் முடிந்து துடைத்துப் பெருக்கிய பிறகு நான் வந்து நிற்கிறேன். பதினான்கு மாதமாக நின்றுகொண்டிருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை. நான் பண்ணியதையெல்லாம் மன்னித்தாளாமே, எதையெல்லாம், எனக்கு அந்தப் பட்டியல்கூடத் தெரியாதே. அவள்தான் முதலில் எழுந்தாள். ‘சரி, கட்டுங்க. எட்டடி ஃபிளக்ஸு வீணாக் கெடக்குது. வெள்ளப் பக்கத்தக் கீழ வெச்சுக் கட்டுனா நமக்கென்ன தெரியப் போவுது,’ என்று ஓர் ஓரத்தைத் தூக்கினாள். அவள் தூக்கியதால் நானும் தூக்கினேன். ரிங்குக்கு ரிங்கு கேபிள் டை போட்டுப் பைப்பில் இழுத்துக் கட்டினோம், அவள் பிடிக்க நான் இறுக்கினேன், மூலை சுருங்காமல் வந்தது. கால் இரண்டையும் நீட்டி ஊன்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல வேலை, கடையில் விற்பதெல்லாம் கிட்டே வர முடியாது. இரண்டு பேரும் குனிந்து கீழே போய் நிமிர்ந்தோம்.

உச்சி வெயில் நேர் மேலே நின்றது. ஃபிளக்ஸில் வெளிச்சம் புகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை, இத்தனை வருசம் அளவு சொல்லிக்கொடுத்தவன். எங்கள் தலைக்கு மேலே, கைக்கு எட்டுகிற உயரத்தில், என் முகம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, புறா மாறி, குழந்தைவேலு மச்சான் எதிர்ப் பக்கம் போய்க் கும்பிட்டுக்கொண்டு, நடுவில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் சாயல் சிமெண்டில் விழுந்தது, அவள் தோளில் விழுந்தது, என் கையிலும் விழுந்தது. துளசிமணி மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை, நெற்றி, மூக்கு, மீசையில் ஒட்டியிருந்த தூசி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பரீட்சைக்கு நிற்கிற பையன் மாதிரி அசையாமல் நின்றேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. ‘உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா,’ என்றாள். தெருவுக்கே கேட்டிருக்கும். ‘வாத்தியாரு வேலை பாத்தீங்களே முப்பது வருசம், ஃபிளக்ஸுல வெளிச்சம் பூரும்னு தெரியாது? இதுக்குக் கீழ உக்கோந்து எவ சோறு திம்பா? எனக்கு ஒரு நெழலும் வேண்டாம். மொதல்ல அந்த ஆள எறக்குங்க. மலைக்குப் போயி வெயில்லயே உக்கோந்துக்கலாம்.’ பதினான்கு மாதத்தில் முதல் திட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேபிள் டையை அறுக்கக் கட்டிங் பிளேயரைத் தேடினேன். அதற்குள் அவளே பிளேயரை எடுத்து, எட்டி முதல் டையை வெட்டியிருந்தாள்.